கோப்பிக் காலத்துத் தோட்டச் சிறுமியை விஞ்ஞான ஆர்வம் உள்ளவளாக எழுதினால் நம்புவார்களா?

கேள்வி: டிக்கோயா ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பத்து முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்று நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை 1880 ஆம் ஆண்டில், இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கோப்பித் தோட்டத்தில் நடக்கிறது. பேச்சி என்ற பதினொரு வயதுச் சிறுமி, ஒரு நோயால் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் படியும் செம்மஞ்சள் தூளைக் கவனிக்கத் தொடங்குகிறாள். எந்தச் சரிவில் அது முதலில் தென்படுகிறது, மழை பெய்து எத்தனை நாளில் இலை உதிர்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசும்போது அடுத்த மலைக்குத் தாவுகிறது என்பவற்றையெல்லாம் மனத்தில் குறித்து வைத்துக்கொள்கிறாள். அந்த நோயை ஆராய்வதற்காக இங்கிலாந்திலிருந்து வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் ஒரு நாள் அத்தோட்டத்துக்கு வருகிறார். அவருடைய நுணுக்குக்காட்டியை ஒரு தடவையாவது கண்வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற பேச்சியின் ஆசைதான் கதையை நடத்திச் செல்கிறது.

எழுத வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாணவிகள் தங்கள் பாட்டிமாரைத் தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் கூடையோடு சிரிக்கும் உருவமாக மட்டுமே அச்சில் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் தலைக்குள் என்ன ஓடியது என்று சொல்லும் ஒரு சிறுவர் நூலை அவர்கள் கையில் கொடுக்க விரும்புகிறேன்.

கையெழுத்துப் பிரதியை வாசித்த தோழி ஒருவர், "இந்தக் காலத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்குப் பழைய சேலையைச் சுற்றி விட்டிருக்கிறீர்கள்" என்று சொன்னார். அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. 1880 இல் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த ஒரு சிறுமிக்கு இப்படியோர் ஆர்வம் வந்திருக்கும் என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமா? இன்னொன்றையும் கேட்க வேண்டும். பெண் என்பதால் அவளுக்கு ஏற்படும் தடைகளைக் காட்டும்போது, "பொட்டைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று பாட்டி அதட்டுவதும் பேச்சி அழுதுகொண்டே ஓடுவதுமாகக் காட்சிகள் திரைப்படச் சாயலில் வந்து விழுகின்றன. இதைத் தவிர்ப்பதற்கு என்ன வழி?


மறுமொழி: மாத்தளை ஓய்வுநிலை ஆசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் முதலில் காலக்கணக்கைப் பார்த்தேன். இலை நோய் இலங்கையில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது 1869 இல். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த த்வேய்ட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பங்கசு (பூஞ்சை) ஆய்வில் பெயர்பெற்ற பாதிரியார் பெர்க்லி அதே ஆண்டில் அதற்கு ஹெமிலெயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டு விவரித்தார். வார்ட் 1880 இல் வந்து 1882 வரை இங்கே பணியாற்றினார். வந்தபோது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். ஆகவே உங்கள் பேச்சி பிறந்த காலத்திலேயே நோயும் நாட்டுக்குள் வந்துவிட்டது. அவள் அந்தத் தூளைக் கண்டு வியப்படைய முடியாது. அவளுடைய தாய்க்கும், தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணிக்கும், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கும் அது நன்றாகத் தெரிந்த தூள். அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாமல் இருந்தது அது எவ்வாறு பயணம் செய்கிறது என்பதுதான். காலநிலை கெட்டதால் வந்தது, மண் சத்திழந்ததால் வந்தது, உரம் போட்டால் போய்விடும் என்று தோட்டத் துரைமார் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் நாவலின் கேள்வியையும் "இது என்ன?" என்பதிலிருந்து "இது எப்படி வருகிறது?" என்பதற்கு மாற்றிவிட்டால், வார்ட் தேடிய விடையையே பேச்சியும் தேடுகிறாள் என்று ஆகிவிடும். அதில் வரலாற்றுக்கு முரணாக எதுவும் இல்லை.

புகையிரதத்தில் கவனமாக இருங்கள். பாதை நாவலப்பிட்டிக்கு வந்தது 1874 இல். ஹற்றனுக்கு வந்ததோ 1884 இல். எனவே வார்ட் நாவலப்பிட்டியில் இறங்கிக் குதிரையிலோ வண்டியிலோதான் மேலே வர முடியும். பேச்சியின் பெற்றோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களாக இருப்பார்கள். அந்த வழிநடையில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் இறந்தவர்களின் கதை இல்லாத குடும்பம் அக்காலத்தில் அரிது. பேச்சியின் குடும்பத்திலும் அப்படியொரு வெற்றிடம் இருக்கட்டும். ஆனால் அதை ஓர் அத்தியாயமாக நீட்ட வேண்டாம்.

உங்கள் தோழி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஒரு சிறுமி இலையை உற்றுப் பார்த்தாள் என்பதில் பொய் எதுவும் இல்லை. "நான் பெண்ணாகப் பிறந்ததால் எனக்குப் படிப்பு இல்லை" என்று அவள் வருந்தினால் அங்கேதான் பொய் நுழைகிறது. தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கத் தோட்ட நிருவாகம் ஒழுங்கு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1907 இல்தான் வந்தது. 1880 இல் பேச்சியின் அண்ணனுக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. அவளுக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கூரைகள் இருந்தன; அவளுடைய தலை முதலில் இடித்தது கூலி என்ற கூரையில்.

எழுத்தறிவு இல்லாத பிள்ளை எவ்வாறு குறிப்பு வைத்துக்கொள்வாள் என்பதையும் யோசியுங்கள். கயிற்றில் முடிச்சுப் போடலாம். லயத்துச் சுவரில் கரிக்கோடு கிழிக்கலாம். தகர டப்பாவில் மழை நாளுக்கொரு கோப்பி விதையைப் போட்டு வைக்கலாம். வாசிக்கும் பிள்ளைகள் வீட்டில் தாங்களே செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது.


மறுமொழி: தலவாக்கலை வெளிக்களக்காரன்

தேயிலை நோய்களோடு பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். ஆசிரியர் ஐயா சொன்னவை சரியானவையே. ஆனாலும் கதைக் காலத்தையே மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

கோப்பித் தோட்டத்தின் வேலை பருவத்தோடு கட்டுண்டது. பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் கூடும். பின்னர் பெரும்பகுதியினர் ஊருக்குத் திரும்புவார்கள். பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள் என்றாலும் ஆண்களே அதிகம். ஒரே செடியை ஆண்டு முழுவதும் ஒரே பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமை தேயிலையோடுதான் வந்தது. ஏழு, எட்டு நாளுக்கு ஒரு முறை அதே மலைக்குக் கொழுந்து எடுக்கத் திரும்பி வர வேண்டும் என்பதால் குடும்பங்கள் லயத்தில் நிலைத்தன. செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து ஆணுக்கு, கொழுந்து பெண்ணுக்கு என்ற பிரிவும் அப்படியே இறுகிப்போனது. பெண்ணின் வேலை எது என்பதை எழுத விரும்பும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது.

அதற்கு ஏற்ற நோயும் இருக்கிறது. கொப்புள நோய் 1946 இல் இலங்கைத் தேயிலைக்குள் நுழைந்தது. அசாமில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. முற்றிய இலையை அது தொடாது. இளங்கொழுந்தையும் அதற்கு அடுத்துள்ள இளம் இலைகளையும் மட்டுமே பிடிக்கும். முதலில் ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளி தெரியும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடத்தில் ஒளி ஊடுருவும். சில நாளில் புள்ளி வட்டமாக விரிந்து, மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் கொப்புளமாகப் புடைக்கும். பின்னர் அதன்மீது வெண்மையான மென்தூள் படரும். அந்தத் தூள்தான் வித்தி, அதாவது பங்கசைப் பரப்பும் நுண்துகள். வித்தி இலையில் விழுந்தது முதல் புது வித்தி வெளிவரும் வரை மூன்று, நான்கு வாரங்கள் வரை ஆகலாம். வெயில் தொடர்ந்து அடித்தால் அடங்கும். மூடுபனியும் தூறலும் நீடித்தால் மலை முழுவதையும் பிடித்துவிடும். செம்புச் சேர்க்கை மருந்தடித்துத்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நிரையில் நின்று, இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளிக் கூடையில் போடும் பெண்ணின் விரல்களுக்கிடையில்தான் அந்தப் புள்ளி முதலில் வந்து சேர்கிறது. மருந்தடித்தவர்கள் ஆண்கள், தகவல் கேட்கப்பட்டதோ கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு சிறுமி "இந்த இலையைப் பாருங்கள்" என்று சொல்வதும், நோயிலையைச் சேர்த்துவிட்டாள் என்று கூடையில் இரண்டு இறாத்தல் வெட்டப்படுவதும் ஒரே காட்சியில் நடந்தால், உங்கள் பாட்டி வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

1925 இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் அதற்குள் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. 1930களில் தேயிலையின் இலைச்சுருட்டிப் புழுவை அழிக்க ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டு வெற்றி கண்ட கதை வேறு இருக்கிறது. எதிரியைத் தின்ன இன்னோர் உயிரைக் கொண்டுவருவதைப் பிள்ளைகள் விரும்பி வாசிப்பார்கள். 1946 ஐத் தேர்ந்தால் இன்னொரு நிழலும் விழும். இலவசக் கல்வி 1945 இல் வந்தும் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1948 இல் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரின் பிரசாவுரிமையே போய்விட்டது.


மறுமொழி: பேராதனைத் தாவரவியல் மாணவி

டீச்சருக்கு வணக்கம். வெளிக்கள ஐயா எழுதியது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 1880 ஐ அவ்வளவு இலேசாகக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இலங்கை விஞ்ஞான வரலாற்றில் உலகம் திரும்பிப் பார்த்த தருணங்களில் வார்ட்டின் ஆய்வும் ஒன்று. வித்திகள் காற்றில் பரவுவதையும், இலைமீதுள்ள நீர்த்துளியில் முளைப்பதையும், இலைவாய் என்ற நுண்துளையினூடாக உள்ளே நுழைவதையும் அவர் காட்டினார். காற்றில் வருபவற்றைப் பிடிப்பதற்கு ஒட்டும் பூச்சுள்ள கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டது நோய்க்கு எவ்வளவு வசதியாகிவிட்டது என்பதையும் எடுத்துச் சொன்னார். தோட்டத் துரைமார் எதிர்பார்த்தது மருந்தை. அவரால் கொடுக்க முடிந்தது விளக்கத்தை மட்டுமே. கோப்பி சில ஆண்டுகளில் அழிந்தது. விடை சரியாக இருந்தும் தோட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்று முடியும் சிறுவர் கதை தமிழில் நான் வாசித்த அளவில் இல்லை.

பேச்சி கண்ணாடித் துண்டொன்றில் தேங்காய் எண்ணெய் பூசிக் காற்று வரும் பக்கம் கட்டித் தொங்கவிடட்டும். செம்மஞ்சள் தூள் ஒட்டும். நுணுக்குக்காட்டியில் அந்த வித்தி சிறுநீரக வடிவில் தெரியும். வளைந்த முதுகில் முட்களும் மறுபக்கத்தில் வழுவழுப்பும் இருக்கும். கதையில் அவள் அதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், கோலமாவால் வரைந்து வைக்கக்கூடிய உருவம் அது. மலையகத்து வீட்டுத் தோட்டங்களில் உள்ள கோப்பிச் செடிகளில் இன்றும் இந்நோய் இருக்கிறது. டீச்சர் மாணவிகளைக் கூட்டிச் சென்று ஒரு கைவில்லையால் காட்டலாம்.

பெண்கள் பற்றிய பகுதிக்குச் சில செய்திகளைத் தருகிறேன். 1830களில் அன்னா மரியா வாக்கர் என்ற ஸ்கொட்லாந்துப் பெண் தன் கணவரோடு இந்த மலைகளில் தாவரங்களைச் சேகரித்தார், வரைந்தார், சிவனொளிபாத மலையிலும் ஏறினார். மரியான் நோர்த் 1876-77 இல் இலங்கைக்கு வந்து தாவரங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இலண்டன் கியூ தோட்டத்தில் அவருடைய ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம் 1882 இல் திறக்கப்பட்டது. ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1879 இல் உங்கள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில்தான் இறந்தார். அவருடைய கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. ஒளிப்படத்துக்குப் பயன்பட்ட வெள்ளி நைத்திரேற்றில் கை கறுத்த ஒரு முதிய பெண்மணியைப் பற்றிப் பேச்சி சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கக்கூடும்.

இவர்களுக்கெல்லாம் கதவு எப்படித் திறந்தது என்று பார்த்தால், பூ வரைவது சீமாட்டிக்கு அழகு என்று கருதப்பட்டதுதான் காரணமாகத் தெரிகிறது. வரைவதைக் கடந்து கருத்துச் சொல்ல முனைந்தவுடன் அதே கதவு மூடிக்கொண்டது. வார்ட் இலங்கையை விட்டுப் போய்ப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1897 இல், பின்னாளில் சிறுவர் நூல்களால் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பொட்டர் பங்கசு வித்திகள் முளைப்பதைப் பற்றி எழுதிய கட்டுரையை, உயிரியல் அறிஞர்களின் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் ஓர் ஆண்தான் முன்வைக்க வேண்டியிருந்தது. கூட்டத்துக்குப் பெண்கள் போக முடியாது. அச்சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1905 இல். பேராதனையிலோ, ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற சிங்கள ஓவியர் 1823 முதல் பல தசாப்தங்கள் தாவரங்களை வரைந்தார். அவருக்குப் பின் மகன்மார் அந்த வேலைக்கு வந்தார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குப் போன அறிவு மகளுக்கு ஏன் போகவில்லை என்பதை யாரும் அன்று ஒரு கேள்வியாக நினைத்திருக்கமாட்டார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இரக்கமுள்ள வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருவர் பேச்சியைக் கண்டெடுத்துப் படிக்க வைப்பதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கதை போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது.


மறுமொழி: அப்புத்தளை வாசகன்

எழுத்தாளர் அல்லாத ஒரு வாசகனின் கருத்து. ஆண் பெண் வேறுபாட்டைக் காட்ட வசனம் தேவையில்லை, நேரம் போதும். என் தாயும் தந்தையும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தார்கள். கவ்வாத்து மலைக்குப் போன தந்தை கணக்கு முடித்து மத்தியானத்தோடு வீடு திரும்பிவிடுவார். விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பரா என்ற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்புக்கு ஓடிய தாய், கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வருவார். அதன்பின்னர் பீலியில் தண்ணீர் பிடித்து அடுப்பு மூட்ட வேண்டும். அந்த நீண்ட நாளுக்குக் கிடைத்த சம்பளமோ ஆணுக்குரியதைவிடக் குறைவு. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984 இல்தான் வந்தது. உங்கள் கதை அதற்கு நூறாண்டு முந்தியது என்றாலும், விறகும் தண்ணீரும் அடுப்பும் யார் தலையில் விழுந்தன என்பதில் பெரிய மாற்றம் இருந்திருக்காது. பேச்சி கண்ணாடித் துண்டைப் போய்ப் பார்க்க வேண்டிய நேரத்தில் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு தண்ணீருக்கு நிற்கிறாள் என்று எழுதுங்கள். வாசிக்கும் பிள்ளைக்கே கோபம் வரும்.

அண்ணன் பாத்திரத்தை மறந்துவிட வேண்டாம். காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில், காமனின் மனைவி இரதியாக வேடம் கட்டுபவன் ஆண்தான். அந்த நாட்களில் அவனை எல்லாரும் வணங்கவும் செய்வார்கள். மாசி மாதத்தில் இரதியாக ஒப்பாரி வைத்த அதே பையன், மறுநாள் அடுப்படியில் தங்கைக்கு ஒரு கை கொடுத்தால் ஊர் சிரிக்கும். தங்கைக்கு நுணுக்குக்காட்டி எட்டாததைப் போலவே அவனுக்கும் ஏதோ எட்டாமல் இருக்கிறது என்பதை ஆண்பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் அல்லவா?


மறுமொழி: டிக்கோயா ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. காலத்தை மாற்றுவதைப் பற்றி நிறைய யோசித்தேன். வெளிக்கள ஐயா சொன்ன நிறுவைக் காட்சி மிக வலுவானது. அதைத் தனியொரு கதையாகவே எழுத வேண்டும், முடிந்தால் அவரே எழுத வேண்டும். ஆனாலும் 1880 இலேயே நிற்கப்போகிறேன். தேயிலைக்கு முன்னர் இங்கே ஒரு பயிர் இருந்தது, அது ஒரு தலைமுறைக்குள் அழிந்தது, துரைமார் கொயினா மருந்து தரும் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாறினார்கள், தொழிலாளர் குடும்பங்கள் பல பட்டினி கிடந்தன என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டதை அவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். அந்தத் தேயிலை ஏன் மலை முழுவதும் பரவியது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

பாட்டியின் வசனங்களை எடுத்துவிட்டேன். அவரைக் கைவைத்தியம் தெரிந்தவராக மாற்றியிருக்கிறேன். இலையை முகர்ந்தும் கசக்கியும் பார்க்கும் பழக்கம் பேச்சிக்கு அவரிடமிருந்தே வருகிறது. அண்ணனை இரதியாக்கும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கயிற்று முடிச்சும் எண்ணெய்க் கண்ணாடியும் கதைக்குள் வந்துவிட்டன.

இன்னும் தீராதது வார்ட் தோட்டத்துக்கு வரும் நாள்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. பேச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. கண்ணாடித் துண்டோடு அவள் எதிரே நிற்கிறாள். அவரைப் பெருந்தன்மையானவராகக் காட்டினாலும் கடுமையானவராகக் காட்டினாலும், உண்மையில் வாழ்ந்த ஒருவர்மீது இல்லாததைச் சுமத்துவதாகவே தோன்றுகிறது.


மறுமொழி: மாத்தளை ஓய்வுநிலை ஆசிரியர்

அவரைப் பேச வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் அருகில் தோட்டத்துத் துரை நிற்பார். துரைமார் தமிழ் கற்றிருந்தார்கள். அவர்கள் கற்றதோ வா, போ, எடு, வெட்டு என்று ஏவுவதற்கான தமிழ். ஒரு சிறுமி "இந்தப் பக்கம் கட்டின கண்ணாடியில் தூள் இருக்கிறது, அந்தப் பக்கம் கட்டினதில் இல்லை" என்று சொல்வதைக் கேட்டு விளங்கிக்கொள்வதற்கு அந்தத் தமிழ் பழக்கப்பட்டிருக்காது. அவர் கணக்கப்பிள்ளையைப் பார்ப்பார். கணக்கப்பிள்ளை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேச்சி சொன்னதைச் சொல்வார். ஆனால் யார் சொன்னது என்பதைச் சொல்லமாட்டார். வார்ட் தலையசைத்துக் குறிப்பெடுப்பார். இதில் அவர்மீது எந்தப் பழியும் விழவில்லை. அவருக்குச் சொல்லப்படாத ஒன்றை அவர் எப்படி எழுதுவார்?

கண்ணாடித் துண்டை வாங்கி நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கிறாரா, பேச்சியைக் குனிந்து பார்க்க விடுகிறாரா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் எழுதினால் பார்க்க விடுவேன். கணக்கப்பிள்ளை அடுத்த மாதப் பெயர்ப் பதிவில் அவளுக்கு எத்தனை அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை, போடுகிறார் என்பதையும் மறக்காமல் எழுதுவேன்.